ஓரிக்கையின் கார் விஞ்ஞானி

அடிலெய்டு
4-8-2024

அன்புள்ள ஆதி மாமாவுக்கு,

கீர்த்தி வணக்கத்தோடு எழுதுகிறேன். நீங்கள் சுகமா? கலாவதி அத்தையின் முட்டிவலி தேவலையா? எனக்கு இங்கே குளிரைத் தவிர குறை ஒன்றும் இல்லை. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கடிக்கிறது.

இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுவாள் என்று சிரிப்பீர்கள். போனில் பேச முடியவில்லை மாமா. நான் கூப்பிட்டதும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். பக்கத்து வீட்டு அம்சா அக்காவிலிருந்து கீரை விற்க வருகிறவர் வரை சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். உங்கள் வாட்ஸப்போ பேனர் கடையின் பொதுச்சொத்து. அதனால்தான் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

போன ஞாயிறு அம்சா அக்கா கேட்டார்: "ஏம்மா கீர்த்தி, நீ கண்டுபுடிச்ச காரு எப்பம்மா காஞ்சிபுரம் வரும்? மொதல்ல எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணு சொல்லி வையி." எல்லோரும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா மெதுவாக, "வரும் வரும்" என்றாள்.

ஊரில் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் மாமா?

நான் படிப்பது கார் எலெக்ட்ரிக்கல் ரிப்பேர். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஹெட்லைட், ஒயரிங். பாதி நாள் காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் என்னைப்போலக் கடல் தாண்டி வந்தவர்கள்: நேபாளம், கென்யா, பிலிப்பைன்ஸ். சொல்லித்தருகிறவர் ட்ரேசி. அறுபது வயது, சுரங்க லாரிகளுக்கு ஒயரிங் பார்த்த கை. வருஷக் கடைசியில் பேட்டரி கார் பாடம் வருகிறது. அதில் ஆரஞ்சு நிற ஒயர் ஓடும், தப்பாகத் தொட்டால் ஆள் மிஞ்சாது. அந்தப் பாடத்தை முடித்தால்தான் வேலை. நடுவில் ஏதாவது கோளாறு செய்தால் சீட்டு போகும், சீட்டு போனால் விசா போகும், அப்புறம் ஊர்தான்.

யாராவது கேட்டால் ஆட்டோ எலெக்ட்ரீசியன் படிப்பு என்று சொல்லுங்கள். அது போதும்.

அத்தையை மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லவும்.

கீர்த்தி


ஓரிக்கை
22-8-2024

செல்ல மருமகளுக்கு மாமன் ஆதிகேசவன் ஆசிகள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் உடம்பில் சுகரும் பிரஷரும் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்துகின்றன. உன் அத்தையும் நானும்தான் அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை.

உன் கடிதத்தைக் கடையில் பிரித்தேன். "இன்னா ஓனர், லவ் லெட்டரா?" என்று டிசைன் போடும் பெண் ஜோதிகா கேட்டது. என் மூஞ்சியைப் பார்த்ததும், "கரண்ட் பில்லா?" என்று மாற்றிக்கொண்டது.

நான் முதலில் உண்மையைத்தான் சொன்னேன், நம்பு. டீக்கடையில் நம் பங்காளி மாகறல் வீரபாகு இருந்தார். ரைஸ் மில்லும் தோளில் கட்சித் துண்டும் உள்ள மனிதர், வாயைத் திறந்தால் நாலு பேர் கேட்பார்கள். அவர் சொன்னார்: "ஆட்டோ எலெக்ட்ரீசியனா? அதுக்கு இன்னாத்துக்குப்பா ஏரோப்ளேன்? உன் கடைக்கு எதுத்தாப்புல டேனியல் கடை இருக்குது. ரோட்டத் தாண்டினா போதுமே!"

கடையே சிரித்தது. டேனியலும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தான், அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் என் வாய் என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தது. "அட நீ வேற. அது வேற, இது வேற. இது கார் ஆராய்ச்சி. புதுசா கார் கண்டுபுடிக்கிற படிப்பு" என்றது.

டேனியல் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று எழுந்து போனான்.

சொன்ன பிறகு பேனர் போடாமல் இருக்க முடியுமா? மெஷின் நம்முடையது. ஒரு பட்டுக்கடையின் ஆடித் தள்ளுபடி பேனரில் ஃப்ளெக்ஸும் மிஞ்சிக் கிடந்தது. 'ஆஸ்திரேலியா புகழ் கார் விஞ்ஞானி செல்வி கீர்த்தி' என்று அடித்து மெயின்ரோட்டில் கட்டினேன். உன் தலையை ஒரு வெள்ளைக் கோட்டு உடம்பின்மேல் ஒட்டினேன். அந்த உடம்பு ஒரு பல் டாக்டருடையது. உற்றுப் பார்த்தால் கையில் பல் பிடுங்கும் குறடு தெரியும். யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

இப்போது ஊரே போட்டோ கேட்கிறது. பளபளப்பான கார் பக்கத்தில் நின்று ஒன்று எடுத்து அனுப்பு. ஸ்பானர் கிடானர் எதுவும் கையில் வேண்டாம். உன் அம்மா காந்தா அந்த பேனரைத் தாண்டும்போதெல்லாம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடக்கிறாள். அதை நினைத்தாவது அனுப்பு.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

மாமன்


அடிலெய்டு
12-9-2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சுகரும் பிரஷரும் சண்டையில்லாமல் இருக்கட்டும். நான் நலம்.

போட்டோ அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டேன். வேலை உடுப்பைக் கழற்றிவிட்டு சுடிதாரில் நின்றேன். எதற்குக் கழற்றுகிறாய் என்று ட்ரேசி கேட்டார். அழுக்காக இருக்கிறது என்றேன். "அது அழுக்கு இல்லை, அது புதன்கிழமை" என்றார். புதன்கிழமை செய்த வேலையின் கறை என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டேனியல் அண்ணன் பேனரைப் பார்த்தாரா? கிளம்பும்போது அவர் கொடுத்த கட்டிங் பிளேயர்தான் இங்கே என் கையில் இருக்கிறது. வேறு எதுவும் பிடிக்கு ஒத்துவரவில்லை. அவர் என்ன சொன்னார் என்று மட்டும் எழுதுங்கள்.

கீர்த்தி


ஓரிக்கை
26-9-2024

அன்பு மருமகளுக்கு,

மாமனும் அத்தையும் உன் தாயும் குறையில்லாமல் இருக்கிறோம். முட்டிக்குத் தைலம் மாற்றியிருக்கிறோம். வலி குறையவில்லை, வாசனை நன்றாக இருக்கிறது.

போட்டோ பிரமாதம். அம்சா அதைத் தன் போனில் முகப்பாக வைத்திருக்கிறாள். அவள் புருஷன் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "காரு விஞ்ஞானி எங்க பக்கத்து வூடுதான்" என்று இலை போடும் முன்பே ஆரம்பிக்கிறானாம். ஒரு பந்தியில் இவனுக்கு இரண்டு வடை வைத்தார்களாம். அந்த இரண்டாவது வடை உன் கணக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் 11 ஆயுத பூசை. மெயின்ரோட்டில் ஆட்டோக்கள், டிராக்டர்கள், வீரபாகுவின் லாரி எல்லாம் வரிசையாக நிற்கும். இந்த வருஷம் எல்இடி திரை வைக்கிறோம். வீரபாகுவே கூப்பிட்டு, "நம்ம பொண்ணு அங்க காருக்குப் பூசை போடுற மாரி ஒரு வீடியோ வந்தா திரைல போடலாம்பா" என்றார். அவர் 'நம்ம பொண்ணு' என்றது இதுவே முதல் தடவை.

காலையில் பட்டுப் புடவை கட்டிக்கொள். காஞ்சிபுரத்திலிருந்து போனவள் பாலியஸ்டரில் நின்றால் ஊருக்கே மானக்கேடு. அங்கே நிற்பதில் பெரிய காராகப் பார்த்துச் சந்தனம், குங்குமம், பூ. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். சூடத்தைத் தாராளமாக வை. சின்னதாக வைத்தால் திரையில் தெரியாது. முக்கியமாக அந்த டூல்ஸ் பை, டெஸ்டர், கட்டிங் பிளேயர் எதுவும் ஃப்ரேமுக்குள் வரக் கூடாது. பார்க்கிறவன் எதையாவது நினைப்பான்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் அம்மா இளைத்துவிட்டாய் என்கிறாள்.

மாமன்


ஓரிக்கை
14-10-2024

என் தங்க மருமகளுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. இங்கே எல்லோருக்கும் உடம்பும் மனசும் பூரிப்பு.

வீடியோவைத் திரையில் போட்டதும் மெயின்ரோட்டில் பஸ்ஸே நின்றது. வேறு மாநில நம்பர் பிளேட்டைக் கண்டால் பட்டுக்கடைக்கு இழுக்கும் புரோக்கர் பையன்கள்கூட வருகிற காரைக் கோட்டை விட்டுவிட்டு வாயைப் பிளந்தார்கள். அரக்கு நிறப் புடவையில் நீ! பின்னால் வெள்ளைக் கார்! பானெட்மேல் தட்டில் சூடம் ஆளுயரம் எரிகிறது! வீரபாகு செருப்பைக் கழற்றினார். திரையில் இருந்த சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைசியில் கணகணவென்று மணிச் சத்தம் வேறு. அந்த ஊரில் கோயில் மணி கூட இருக்கிறதா? "பாரு, சாமி வந்துடுச்சு" என்று அம்சா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு சீரியல் செட் ஒயரிங் டேனியல்தான். எங்களுக்கு ஆயுத பூசை, அவனுக்கு என்ன, கர்த்தர் பார்த்துக்கொள்வார். ஆனாலும் வருஷா வருஷம் அவன்தான் லைட் கட்டுவான். ஏணியில் நின்றபடி வீடியோவைப் பார்த்தான். இறங்கி வந்து ஒன்றே ஒன்று கேட்டான்: "ஏன்டா ஆதி, அவ டூல்ஸுக்குப் பொட்டு வெக்கலியா?"

"அவளுக்கு இன்னாத்துக்குடா டூல்ஸு, அவ மூளைல செய்யிறா" என்றேன். கூட்டம் சிரித்தது.

உடனே எழுது. மணி எந்தக் கோயில் மணி?

மாமன்


ஓரிக்கை
12-11-2024

அன்பு மருமகளுக்கு,

தீபாவளி போயிற்று. உன்னிடமிருந்து எழுத்து இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

போனில் பேசும்போது "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று இரண்டு தடவை சொன்னாய். ஒரு தடவை சொன்னால் நம்பியிருப்பேன். இங்கே மழை. அத்தை அதிரசம் சுட்டாள். பாலாற்றில் தண்ணீர் வருமா என்று கேட்கிற ஊரில் அதிரசம் வெட்ட அரிவாள் வருமா என்று கேட்கும்படி ஆயிற்று. சொல்ல வேறு சேதி இல்லை. அதாவது இருக்கிறது, எதையும் சொல்ல மனசு ஓடவில்லை.

என்மேல் கோபமா?

மாமன்


அடிலெய்டு
18-11-2024

மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி அம்மாவிடம் சொன்னதையே இங்கே எழுத முடியாது.

அது கோயில் மணி இல்லை. தீ அபாய மணி.

சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் யாரும் இல்லை. ஒரு நேபாளத்துப் பையன் போனைப் பிடித்துக்கொண்டான். நீங்கள் சொன்ன பெரிய கார் பேட்டரி கார். பக்கத்து மேசையில் இன்னொரு காரின் பேட்டரியைத் திறந்து வைத்திருந்தார்கள். தாராளமாக வைக்கச் சொன்னீர்களே, தாராளமாகத்தான் வைத்தேன். கறுப்புப் புகை நேராகக் கூரைக்குப் போனது. மணி அடித்தது. மூன்று மாடிக் கட்டடம், தையல் படிக்கிறவர்கள், சமையல் படிக்கிறவர்கள், அலுவலகத்தார், எல்லோரும் ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். ஒரு பெண் தலையில் ஷாம்பு நுரையோடு வந்தாள், முடிவெட்டும் வகுப்பாம். இரண்டு தீயணைப்பு வண்டிகள். அத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் பட்டுப் புடவையில்.

தட்டை எடுத்து அணைத்தவர் ட்ரேசி. அணைத்த கையோடு, திறந்து வைத்திருந்த பேட்டரியைத்தான் முதலில் போய்ப் பார்த்தார்.

விசாரணை வைத்தார்கள். சீட்டு போயிற்று என்றுதான் நினைத்தேன். ட்ரேசி எனக்காகப் பேசினார். "இது உன் மதச் சடங்கா?" என்று மேலதிகாரி கேட்டார். ஆமாம் என்றேன். மாமா, உடனே அறையே மாறிவிட்டது. அவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்! உன் பண்டிகையைப் பற்றி நாங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள். டிசம்பர் 6 அன்று எல்லா மாணவர்களுக்கும் ஆயுத பூசையைப் பற்றி நான் பேச வேண்டுமாம். பேசிவிட்டால் பேட்டரி கார் பாடத்தில் சேர்த்துக்கொள்வார்களாம்.

அது சடங்கா மாமா? ஆயுத பூசை என்றால் அவரவர் ஆயுதத்துக்குத்தானே பூசை? அந்தக் கார் என்னுடையது இல்லை. என் ஆயுதம் பையில் இருந்தது. பையை டயருக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன், ஃப்ரேமுக்குள் வரக் கூடாது என்று. அதற்கு ஒரு பொட்டு சந்தனம்கூட வைக்கவில்லை.

இதைச் சொன்னால் சீட்டு போகலாம். சொல்லாவிட்டால் சாமி பெயரைச் சொல்லிப் பிழைத்தவள் ஆவேன். நீங்கள் யோசனை சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

கீர்த்தி


ஓரிக்கை
2-12-2024

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது.

எல்லோரும் இருக்கிறோம்.

யோசனை சொல்ல வேண்டாம் என்றாய். நான் யோசனை சொல்லாமல் இருந்த நாள் என் சரித்திரத்தில் இல்லை. பேசிவிடு கண்ணு. அவர்களே மன்னிப்புக் கேட்ட பிறகு நீ ஏன் போய் வாயைக் கொடுக்கிறாய்? சடங்கு என்றால் சடங்குதான். போன வருஷம் வீரபாகு பக்கத்து மில்லுக்காரனின் லாரியை இரவல் வாங்கிப் பூசை போட்டாரே, சாமி கோபித்துக்கொண்டதா?

கஷ்டப்படாதே, உரையை நானே எழுதி வைத்திருக்கிறேன். பேனருக்கு எழுதி எழுதிப் பழகிய கை. 'உழைப்பின் கருவிகளை உள்ளத்தால் வணங்கும் உயரிய பண்பாடு எங்கள் பண்பாடு! இரும்பிலும் இறைவனைக் காண்பவர்கள் நாங்கள்! திருகாணியையும் தெய்வமாகத் தொழுபவர்கள் நாங்கள்!' இதை இங்கிலீஷில் மாற்றிக்கொள். கைதட்டல் உறுதி. ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன்.

அது கோயில் மணிதான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். பாவம், அம்சா கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டாள்.

இரண்டு வருஷம் பல்லைக் கடி. எல்லாம் சரியாகிவிடும்.

மாமன்


அடிலெய்டு
8-12-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகமா? நான் தூங்கிச் சாப்பிட்டு இருக்கிறேன்.

உங்கள் பதில் ஏதும் வரவில்லை. வராததும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆறாம் தேதி பேசிவிட்டேன்.

படங்கள் எல்லாம் தயார் செய்திருந்தேன். மேடை ஏறியதும் என் பையை மேசைமேல் வைத்தேன். டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர், டேனியல் அண்ணனின் பிளேயர் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினேன். "ஆயுத பூசையில் இவற்றைத்தான் வணங்க வேண்டும். அன்றைக்கு இவற்றை ஒளித்துவைத்துவிட்டு உங்கள் காரில் நெருப்பு வைத்தேன். அது பூசை இல்லை, ஊருக்குக் காட்ட எடுத்த வீடியோ" என்றேன்.

ஏன் ஒளித்தாய் என்று மேலதிகாரி கேட்டார். என் ஊரில் இந்த வேலையைச் சொன்னால் வெட்கப்படுவார்கள் என்றேன்.

சொன்ன பிறகுதான் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தேன். எல்லோரும் இந்த வேலையைப் படிக்க வீட்டை விட்டு வந்தவர்கள். வீடியோ எடுத்த பையன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ட்ரேசி தரையைப் பார்த்தார். தீயணைப்பு வண்டி வந்த அன்றுகூட நான் அப்படிக் கூசிப்போகவில்லை மாமா.

வெளியே வந்ததும் ட்ரேசி என்னோடு நடந்தார். வாசலில் சொன்னார்: "இனிமேல் பையைக் கண்ணில் படும் இடத்தில் வை. ஒளித்து வைத்தால் யாராவது தடுக்கி விழுவார்கள்."

சீட்டு இருக்கிறதா இல்லையா என்று ஜனவரியில்தான் சொல்வார்கள்.

அத்தைக்கு என் அன்பு.

கீர்த்தி


ஓரிக்கை
28-12-2024

மருமகளுக்கு,

இரண்டாம் தேதி போட்ட என் கடிதம் உனக்கு வந்திருந்தால் படிக்காமல் கிழித்துப்போடு. படித்திருந்தால் படித்ததை மறந்துபோ. நல்ல வேளையாக நம் தபால்காரர்கள் என்னைவிட யோக்கியமானவர்கள், நேரத்தோடு சேர்க்கவில்லை.

நீ எழுதியதைப் படித்துவிட்டு ரோட்டைத் தாண்டி டேனியல் கடைக்குப் போனேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் என் வயிறு வெடித்துவிடும் என்பது உனக்குத் தெரியும். அவன் ஒரு ஷேர் ஆட்டோவின் ஒயரிங்கைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மணி, தீயணைப்பு வண்டி, நுரையோடு வந்த பெண். அந்த இடத்தில் அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். எனக்கே தெரியாமல் கதையைக் கொஞ்சம் தூக்கிக்கூடச் சொன்னேன்.

"டூல்ஸ் ஏன் தெரியக் கூடாதுன்ன?" என்று கேட்டான்.

வாயைத் திறந்தேன். ஐம்பது வருஷமாக ஓடுகிற மெஷின், அன்றைக்கு நின்றுவிட்டது.

"அந்த பிளேயர் நான் குடுத்தது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். "சரிங்க சார். வேல கிடக்குது. அப்புறம் வாங்க."

சார்! ஒன்றாம் வகுப்பில் என் பலப்பத்தைத் தின்றவன். என்னை 'டேய்' என்றும் 'ஆதி' என்றும் கோபம் வந்தால் வேறு பெயர்களாலும் அழைத்தவன். அடித்திருந்தால்கூட உன் அத்தையிடம் காட்டி ஆறுதல் தேடியிருப்பேன். இதை எங்கே காட்டுவது?

பேனரைக் கழற்றிவிட்டேன். யாரும் பார்க்காதபோது கழற்றினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் என்ன சொன்னாலும் முதலில் எனக்கு எழுது. நல்லபடியாக வரட்டும். நான் வேண்டிக்கொள்கிறேன் என்று எழுத வந்தேன், சாமி என்ன முகத்தோடு என்னைப் பார்ப்பார் என்று விட்டுவிட்டேன்.

மாமன்


அடிலெய்டு
17-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் பொங்கியதா? அத்தை நலமா?

சீட்டு போகவில்லை. கடைசி எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். பேட்டரி கார் பாடத்துக்கு இந்தத் தடவை இடமில்லை. அடுத்து வருகிறவர்களோடு உட்கார வேண்டும். கூட வந்தவர்கள் எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். நான் புதியவர்களுக்கு ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் நானே போனில் சொன்னேன், ஸ்பீக்கரில்தான். அம்சா அக்கா இருந்தார். கீரைக்காரரும் இருந்தார். அம்மா, "சாப்டியா?" என்றாள்.

உங்கள் இரண்டாம் தேதிக் கடிதமும் வந்தது. கிழிக்கவில்லை. உரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அது ஆறாம் தேதிக்கு முன்னால் வந்திருந்தால் மேடையில் அதையே படித்திருப்பேனோ என்னவோ. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுத வேண்டாம். எதிர்க்கடையில் இருப்பவர் நம் பங்காளி யாராவதாக இருந்திருந்தால், அன்றைக்கு வீரபாகு மாமா சிரித்தது உங்களுக்கு அவ்வளவு சுருக்கென்று தைத்திருக்குமா? அந்தப் போட்டோவுக்கு நான் உடுப்பைக் கழற்றினேனே, அப்போது யாரைப்போலத் தெரியக் கூடாது என்று நினைத்தேன் என்று என்னையும்தான் கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீர்த்தி


ஓரிக்கை
9-2-2025

அன்பு மருமகளுக்கு ஆதிகேசவன் எழுதுவது.

உன் சீட்டு நிலைத்தது என்று படித்ததும் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜோதிகா தண்ணீர் கொடுத்தது. மற்றபடி சௌக்கியம். அத்தையின் முட்டி அப்படியே இருக்கிறது. என்னைவிட அதற்கு உறுதி அதிகம்.

பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை. உனக்குத் தெரிந்ததுதான், எனக்கும் தெரிந்ததுதான். காகிதத்தில் போட்டால் என் கையெழுத்தில் அது எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

டீக்கடையில் சொல்லிவிட்டேன். வீரபாகு, அம்சா புருஷன், ஆட்டோக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். "எங்க கீர்த்தி படிக்கிறது ஆட்டோ எலெக்ட்ரீசியன் வேலை. விஞ்ஞானியெல்லாம் நான் அடிச்சு வுட்டது" என்றேன். பூமி பிளக்கும் என்று நின்றேன். வீரபாகு வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "தெரியும்பா."

"தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். பேனர்ல கையில குறடு வெச்சிக்கினு நின்னுச்சே, அப்பவே தெரியும். நீ சந்தோசமா சுத்திக்கினு இருந்த, இன்னாத்துக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டோம்."

யாரும் உற்றுப் பார்க்கவில்லை என்று உனக்கு எழுதினேனே, எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். யாரையும் ஏமாற்றக்கூட முடியாத ஒரு பொய்க்காக நீ அங்கே கட்டடத்தையே காலி செய்தாய். டீயை அப்படியே வைத்துவிட்டேன். ஆட்டோக்கார காசிநாதன் கேட்ட சந்தேகம் இன்னொரு பக்கம்: "அப்ப நம்ம வண்டி ஹாரன் கம்முனு கீது, வந்தா பாக்குமா?"

டேனியல் டீக்கடைக்கு வருவதில்லை. டீயைக் கடைக்கே வரவழைத்துக்கொள்கிறான். மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை போனேன். "பரவாயில்லீங்க சார்" என்கிறான். அதற்குமேல் அங்கே உட்காரக் காரணம் வேண்டுமே? சும்மா உட்கார்ந்தால் எழுந்து நின்றுவிடுகிறான். அதனால் என் ஸ்கூட்டரில் இண்டிகேட்டர் ஒயரை நானே பிடுங்கிவிட்டு, ரிப்பேர் என்று கொண்டுபோனேன். மாட்டிக்கொடுத்தான். மறுநாள் ஹாரன். அதற்கு மறுநாள் பிரேக் லைட். அவன் குனிந்து வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, உன் படிப்பைப் பற்றிப் பேசுகிறேன். ஆரஞ்சு ஒயர், ட்ரேசி சொன்ன புதன்கிழமை, எல்லாம். அவன் 'ம்' கொட்டுவதில்லை. ஆனால் நான் நிறுத்தினால் ஸ்க்ரூடிரைவரும் நிற்கிறது.

நேற்று ஹெட்லைட்டோடு போனேன். குனிந்தபடியே, "நாளைக்கு எதப் புடுங்கிக்கினு வரப் போறீங்க சார்?" என்றான்.

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது ஆட்டோ எலெக்ட்ரீசியன் கீர்த்தி அவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்கிறேன். நான் பிடுங்குவதையெல்லாம் அவன் ஐந்து நிமிஷத்தில் மாட்டிவிடுகிறான். என் ஸ்கூட்டரில் எந்த ஒயரைப் பிடுங்கினால் சரிசெய்ய அரை நாளாவது ஆகும்? வண்டி கெட்டுப்போனாலும் பரவாயில்லை. படம் போட்டு விவரமாக எழுது. போனில் வேண்டாம், ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கும்.

உன் கைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்.

மாமன்